வாடிக்குப் போன கூரை

"பெரியம்மா, உங்கட பேர் பட்டியலில வந்திருக்கு! பெரியப்பாட பேரும் இருக்கு, யசிந்தாட பேரும் இருக்கு!"

தங்கை மகன் டினேஷ் ஊரில் கிராம அலுவலர் கந்தோர் அறிவித்தல் போர்டுக்கு முன்னால் நின்று கைத்தொலைபேசியில் இப்படிக் கத்தியபோது அன்ரோனெற் மீனுக்குச் செதிள் எடுத்துக்கொண்டிருந்தாள். கத்தியைக் கீழே போட்டுவிட்டு ஈரக்கையோடு சிலுவை போட்டுக்கொண்டாள். மீள்குடியேறிய சனத்துக்குப் பட்டியல் என்றால் வேறென்ன? தகரம் கொடுத்தபோது பட்டியல் ஒட்டினார்கள். வாளியும் மண்வெட்டியும் கொடுத்தபோது ஒட்டினார்கள். கோழிக்குஞ்சு கொடுத்தபோதுகூட ஒட்டினார்கள். இனி வர மிச்சமிருந்தது கல்வீடு ஒன்றுதான்.

"என்ர மாதாவே, வீட்டுத்திட்டம் வந்திட்டுது!" என்று அவள் போட்ட சத்தத்தில் பக்கத்து வாடிக் குடிசைகளில் இருந்தவர்கள் எல்லாரும் ஓடிவந்தார்கள். டினேஷ் ஒவ்வொரு பெயராக வாசிக்க வாசிக்க ஆளுக்காள் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். கடற்கரை வரிசையின் பத்தொன்பது குடும்பமும் அதில் இருந்தது, ஒருவரும் விடுபடவில்லை. முப்பது வருடம் வள்ளத்து எஞ்சினுக்குப் பக்கத்தில் இருந்து காது மந்தமாகிப்போன அவளுடைய மனுசன் அமிர்தநாயகம் மட்டும், "என்ன, ஆர் மோசம் போனது? செத்த வீடு எங்க?" என்று ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டு நின்றார். அவருக்கு விளங்கப்படுத்தி முடிப்பதற்குள் எல்லாருக்கும் பால் தேத்தண்ணி ஊற்றி ஒரு பால்மாப் பைக்கற் காலியாகிவிட்டது.

இவர்கள் இருந்தது தலைமன்னாரின் வடகரையில், மீன்பிடிக்கும் பருவத்துக்கு மட்டும் போடும் வாடியில். ஆனால் ஊர் இதுவல்ல. ஊர் சிப்பிமுனை, தீவுக்கு வெளியே, பெருநிலத்தில் தெற்கே போகும் கரையில் இருக்கிறது. வைகாசியில் தென்மேற்கில் இருந்து சோழகக் காற்று எழும்பினால் அந்தக் கரையில் வள்ளம் இறக்கவே முடியாது. ஆகவே சோழகம் விழுந்து கடல் அடங்கும்வரைக்கும் பிள்ளைகுட்டி, சட்டிபானை, வலை எல்லாவற்றோடும் இந்தப் பக்கம் வந்துவிடுவார்கள். வரும்போது வீட்டுக் கூரையையும் கழற்றி ஏற்றிக்கொண்டு வருவார்கள். சிரிக்க வேண்டாம்! ஒரு குடும்பத்துக்குப் பன்னிரண்டு தகரம்தான் கொடுத்தார்கள். ஊரில் ஒரு கூரை, வாடியில் ஒரு கூரை என்று போட அவர்கள் என்ன மாளிகைக்காரரா? ஊரில் விட்டுவிட்டு வந்தாலும் சோழகம் அதைப் பிய்த்துப் பற்றைக்குள் எறிந்துவிடும். அப்பன் பாட்டன் காலத்தில் தென்னோலைக் கிடுகைக் கழற்றிக்கொண்டு வந்தார்கள், இப்போது தகரம், அவ்வளவுதான் வித்தியாசம்.

"டேய், அந்தப் போர்டை வடிவாப் படம் எடுத்து அனுப்பு" என்று மகள் யசிந்தா டினேஷிடம் சொன்னாள். கல்வீட்டுக்கு எத்தனை அறை என்று தெரிந்துகொள்ள அவளுக்கு அவசரம். படம் வந்தது. யசிந்தா விரலால் பெரிதாக்கிப் பார்த்தாள். முகம் விழுந்துவிட்டது.

"அம்மா, இது வீட்டுத்திட்டம் இல்லை. தேர்தல் ஆணைக்குழுவின்ர பட்டியல். வாக்காளர் இடாப்பில இருந்து நீக்க இருக்கிற பேராம் இதெல்லாம்."

"நீக்க எண்டால்?"

"வெட்டப் போகினம். நாங்கள் ஊரில இல்லையாம்."

குடித்த தேத்தண்ணி எல்லாருக்கும் கசந்தது. பிறகு ஒருவர், வீடே இல்லையாம், வாக்குப் போனால் போகட்டும் என்று சொல்லி எழும்பிப் போனார். மற்றவர்களும் வலை தெரிந்து சிக்கெடுக்கப் போய்விட்டார்கள். அன்ரோனெற் மட்டும் அந்த இடத்தைவிட்டு அசையவில்லை.

அவளுக்கு வயது ஐம்பது. இந்த ஐம்பது வயதுக்குள் ஒருமுறைகூட வாக்குப் போடவில்லை என்றால் நம்புவீர்களா? வாக்குப் போடும் வயது வந்தபோது ஊருக்குப் பெட்டி வரவில்லை. பிறகு ஊரே இல்லை. மடு, இராமேஸ்வரம், திரும்பி வந்து முகாம் என்று ஓட்டம். முகாமில் இருந்தபோது ஒருமுறை பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போனார்கள். வெயிலில் மூன்று மணித்தியாலம் வரிசையில் நின்றாள். உள்ளே போனால், பட்டியலில் பேரில்லை அம்மா, போங்கோ என்று அனுப்பிவிட்டார்கள். அரிசிக்கும் பருப்புக்கும் அவளுடைய பெயரைக் கூப்பிட்டார்கள். பதிவுக்கும் சோதனைக்கும் கூப்பிட்டார்கள். இதற்கு மட்டும் ஒருவரும் கூப்பிடவில்லை. போன வருடம் தவக்காலத்தில், ஊரைப் பிடித்து வைத்திருந்த கடற்படை விலகி, சனம் சிப்பிமுனைக்குத் திரும்பியபோதுதான், அவளுடைய பெயர் அவளுடைய ஊர் இடாப்பில் முதல் தரம் ஏறியது. அந்த வருடம் பற்றை வெட்டுவதிலேயே சோழகம் கழிந்தது, வாடிக்கு ஒருவரும் போகவில்லை. இனி வரப்போவது பிரதேச சபைத் தேர்தல். அதற்கு நாள் குறிக்கும் முன்னமே பெயரை வெட்டுகிறார்களாம்! அவளுக்கு அழுகையும் வந்தது, ஆத்திரமும் வந்தது. ஆத்திரம்தான் முந்திக்கொண்டது.

அடுத்த நாள் காலை முதல் பஸ் பிடித்து, மன்னாரில் இறங்கி அடுத்த பஸ் மாறி, பத்தரை மணிக்குக் கிராம அலுவலர் கந்தோருக்குள் போய் நின்றாள்.

"தம்பி, நீங்கள்தானே புது விதானையார்?"

"ஓம் அம்மா. கதிரையில இருங்கோ."

"இருக்க வரேல்லை. நான் உயிரோட இருக்கிறனா இல்லையா எண்டு ஒருக்காப் பாத்துச் சொல்லுங்கோ."

அந்த விதானையார் பிரசாந்தனுக்கு முப்பது வயதும் இராது. முருங்கன் பக்கத்து நெல்லுக்காரக் குடும்பத்துப் பிள்ளை, சித்திரையில்தான் இங்கே மாற்றலாகி வந்திருந்தான். பாவம், பகிடியும் விளங்காமல் அவளை மேலும் கீழும் பார்த்தான். அவள் பெயரையும் வீட்டு இலக்கத்தையும் சொன்னதும் கொப்பியைத் திறந்தான்.

"பதினாலாம் இலக்கம். அம்மா, நான் படிவம் கொண்டு மூண்டு தரம் வந்தனான். சுவர்தான் நிண்டது, கூரை இல்லை. கதவைக் கயித்தால கட்டிக் கிடந்தது. பக்கத்தில கேப்பமெண்டால் அந்த வரிசையில ஒரு வீட்டிலயும் கூரையில்லை. நீங்கள் எல்லாரும் ஊரை விட்டுட்டுப் போட்டியள் எண்டு நினைச்சிட்டன்."

"கூரை இல்லையெண்டால் ஆளும் இல்லையோ?"

"எங்கட பக்கத்தில கூரை போன வீடு எண்டால் ஆள் போன வீடுதான் அம்மா. சண்டைக்குப் பிறகு அப்பிடி எத்தினை பாத்தனாங்கள்."

"கூரை எங்கயும் போகேல்லை. எங்களோட வாடிக்கு வந்திருக்கு."

பிரசாந்தன் திறந்த கொப்பியை மூடினான். "கூரையைக் கழட்டிக்கொண்டோ போறனீங்கள்?"

"பின்ன? மழை வந்தால் உங்கட கொப்பியையோ தலைக்கு மேல பிடிக்கிறது? எங்கட அப்பர் காலத்தில இருந்து இப்பிடித்தான். கடக்கரைக்கு விதானையாரா வந்தால் காத்து எந்தப் பக்கம் அடிக்குது எண்டாவது கேட்டுத் தெரிஞ்சிருக்க வேணும். சரி, நீங்கள்தானே வெட்டினது, நீங்களே ஒட்டிவிடுங்கோ."

"என்னால ஏலாது அம்மா. நான் கண்டதை எழுதிக் குடுக்கிற ஆள் மட்டும்தான். இடாப்பு ஆணைக்குழுவின்ர. பட்டியல் ஒட்டி இருபத்தெட்டு நாளுக்குள்ள ஒவ்வொருத்தரும் தன்ர பேரைச் சேக்கச் சொல்லிக் கோரிக்கைப் படிவம் எழுதிக் கையொப்பம் வைக்க வேணும். பிறகு ஆணைக்குழு ஆள் அனுப்பி விசாரிக்கும்."

"இருபத்தெட்டு நாள் எப்ப முடியுது?"

அவன் நாட்காட்டியைப் பார்த்தான். குரல் இறங்கிவிட்டது. "நாளையிண்டைக்கு. இன்னும் ரெண்டு நாள்தான் கிடக்கு."

பஸ்ஸடியில் இருந்து அவளை ஏற்றி வந்து, கந்தோர் வாசலில் முச்சக்கர வண்டியோடு காத்திருந்த டினேஷ் இதைக் கேட்டுச் சிரித்தான். அவன் தேர்தலில் நிற்கப்போகும் ஒரு அரசியல்வாதிக்குச் சுவரொட்டி ஒட்டித் திரிகிறவன். "பெரியம்மா, உதுக்கேன் படிவம் கிடிவம்? எங்கட சேர் ஒரு கோல் எடுத்தாக் காணும், பேர் தானா ஏறும்." அன்ரோனெற்றுக்கும் அதில் பாதி நம்பிக்கைதான், பொய் சொல்வானேன்? முப்பது வருடமாகக் காரியங்கள் அப்படித்தானே நடந்தன. ஆனாலும், "சேர் எடுக்கிற கோலை எடுக்கட்டும், நான் எழுதுறதை எழுதுறன்" என்று சொல்லிவிட்டுத் தன்னுடைய படிவத்தை அங்கேயே நிரப்பிக் கொடுத்தாள். மற்றப் பதினெட்டுக் குடும்பம் நாளையிண்டைக்குள் எப்படி இங்கே வரும் என்று அவள் கேட்டதற்கு, பிரசாந்தன் மோட்டார் சைக்கிள் திறப்பை எடுத்துக் காட்டினான். "அவை வர வேண்டாம். நான் வாறன்."

சொன்னபடி அடுத்த நாள் காலையில் படிவக்கட்டோடு வந்து இறங்கினான். தலையெல்லாம் மண். வாடிகளைக் கண்டவன் மோட்டார் சைக்கிளை நிறுத்தக்கூட மறந்துவிட்டான். வாடியில் கூரை மாறிப்போய்ச் சண்டை வராமல் இருக்க, ஒவ்வொரு குடும்பமும் தன் வீட்டு இலக்கத்தைத் தகரத்தில் பெயின்ற்றால் எழுதி வைத்திருந்தது. பதினொன்று, பன்னிரண்டு, பதின்மூன்று, பதினாலு. ஊரில் ஆருக்குப் பக்கத்தில் ஆர் இருந்தார்களோ அதே ஒழுங்கில் இங்கேயும் இருந்தார்கள். அவன் விரலை நீட்டி ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டு போனதை அன்ரோனெற் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"முழு வரிசையும் இஞ்சதான் இருக்கு" என்றான் அவன், தனக்குத்தானே.

"அதைத்தானே தம்பி நேற்று முழுக்கக் கத்தினனான்" என்றாள் அவள். ஆனால் ஆத்திரம் பாதிக்கு மேல் போய்விட்டது. ஒரு சாப்பாட்டுக் கோப்பையில் சோறும் மீன்குழம்பும் போட்டுக் கொடுத்தாள்.

மத்தியானத்துக்குள் பத்தொன்பது குடும்பத்தின் கையொப்பமும் விழுந்துவிட்டது. வாக்குப் போனால் போகட்டும் என்று எழும்பிப் போனவரும் வந்து வைத்தார், அன்ரோனெற் அவருடைய வாடி வாசலில் நின்று பேசிய பேச்சு அப்படி. படிவங்களை அடுக்கிக் கட்டும்போது பிரசாந்தன் சொன்னான்: "விசாரணைக்கு வாறவர் சாட்சியம் கேப்பார். கரண்ட் பில் இருக்கோ?" ஊருக்குக் கரண்ட் இன்னும் வரவில்லை. "தண்ணி பில்?" கிணறு பில் தராது. "காணி உறுதி?" அந்தப் பத்திரம் முகாமுக்கும் கடலுக்கும் நடுவில் எங்கேயோ போய்விட்டது.

அன்ரோனெற் அண்ணாந்து தன் தலைக்கு மேல் இருந்த பதினாலாம் இலக்கத்தைப் பார்த்தாள்.

விசாரணையை மூன்று வாரத்துக்குப் பிறகு சிப்பிமுனைப் பள்ளிக்கூடத்தில் வைத்தார்கள். சோழகம் இன்னும் விழவில்லை. வாடியில் இருந்து உழவு இயந்திரப் பெட்டியில் ஆட்கள் வந்தார்கள், ஆட்களோடு வீட்டுக்கொரு தகரமும் வந்தது. ஒரு தகரம் கழற்றினதால் நேற்றெல்லாம் வெயில் நேரே மூஞ்சியில் அடித்ததாக அமிர்தநாயகம் வழிமுழுக்கக் குறைப்பட்டுக்கொண்டு வந்தார்.

ஆணைக்குழுவில் இருந்து வந்த அதிகாரி மீராசாஹிபு மெலிந்த, வெள்ளைத்தாடி வைத்த மனிதர். பள்ளிக்கூடச் சுவரில் சாத்தியிருந்த பத்தொன்பது தகரத்தையும் கண்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் திரும்பவும் போட்டார்.

"இதென்ன?"

"சாட்சியம் சேர்" என்றாள் அன்ரோனெற்.

அவர் தொடங்கும் முன்னமே டினேஷ் கைத்தொலைபேசியோடு முன்னுக்குப் போனான். "சேர், எங்கட சேர் லைனில நிக்கிறார், உங்களோட கதைக்கோணுமாம்." மீராசாஹிபு கையை நீட்டவில்லை. குரலை உயர்த்தவும் இல்லை.

"தம்பி, அவருக்குச் சொல்லுங்க. இந்த இடாப்பில ஒரு பேரை ஏத்தவும் இறக்கவும் அவரால ஏலா. அவருக்கு மேல இருக்கிறவராலயும் ஏலா. அது ஆணைக்குழுவின்ட வேலை. நான் அவங்கட ஆள், எனக்கும் சாட்சியம் இல்லாட்டி ஏலா. இன்னொரு தரம் கோல் அடிச்சால் அதையும் எழுதி மேல அனுப்புவன் எண்டும் சொல்லுங்க."

டினேஷ் கைத்தொலைபேசியைக் காற்சட்டைப் பைக்குள் வைத்த வேகத்தைப் பார்க்க வேண்டும்! அன்ரோனெற்றுக்கு ஒருபக்கம் பயம், ஒருபக்கம் சந்தோஷம். சேரையே எட்ட நிற்கச் சொல்லும் ஆள் இந்த நாட்டில் இருக்கிறான் என்பதே அவளுக்குப் புதினமாக இருந்தது. ஆனால் இனிக் கைகொடுக்கச் சேரும் இல்லை, தகரம் மட்டும்தான்.

"இலக்கம் எழுதுறது பெரிய வேலை இல்லை அம்மா" என்றார் மீராசாஹிபு. "நேற்றும் எழுதலாம். இந்தத் தகரம் இந்த வீட்டின்டதான் எண்டு எனக்கு எப்பிடித் தெரியும்?"

"வந்து போட்டுப் பாருங்கோ."

எல்லாரும் கடற்கரை வரிசைக்கு நடந்தார்கள். பதினாலாம் இலக்க வீட்டுச் சுவரில் பிரசாந்தனே ஏறினான். கூரை தாங்கும் வளைமரத்தின் கரையில் தகரத்தை வைத்து ஆணி ஓட்டைகளை ஒத்துப் பார்த்தான். ஒன்றுகூடப் பொருந்தவில்லை. இழுத்து வைத்தான், தள்ளி வைத்தான், ஊஹூம். கீழே நின்றவர்கள் ஆளை ஆள் பார்த்தார்கள். அதிகாரி பேனையை மூடினார். அன்ரோனெற் ஆட்களை விலக்கிக்கொண்டு சுவரடிக்கு வந்தாள். இன்னொருக்கால் வரிசையில் நின்று, இன்னொருக்கால் பேரில்லை என்று கேட்டுத் திரும்பிப் போவதா? அந்தோனியாரே!

அப்போதுதான் அமிர்தநாயகம் வந்து சேர்ந்தார். நடந்ததொன்றும் அவருக்குக் கேட்கவில்லை, அண்ணாந்து பார்த்ததும் சிரித்துவிட்டார். "ஆரப்பா அவன், தலைகீழா வைச்சுக்கொண்டு நிக்கிறான்? இலக்கம் கடல் பக்கம் வரோணும்!"

பிரசாந்தன் தகரத்தைச் சுற்றித் திருப்பி வைத்தான். அந்தத் தகரத்தில் இருந்து கழற்றி வைத்த நான்கு ஆணியையும் கேட்டு வாங்கினான். நான்கும் சுத்தியல் வைக்காமலே பழைய ஓட்டைக்குள் கிடுகிடுவென்று இறங்கின. கீழே நின்ற பொம்பிளைகள் கைதட்டினார்கள்.

மீராசாஹிபு அதோடு விடவில்லை. நின்று, இன்னும் இரண்டு வீட்டுக்கு அதையே செய்து பார்த்தார். பிறகு பள்ளிக்கூடத்துக்குத் திரும்பிவந்து கதிரையில் இருந்து எழுதத் தொடங்கினார். எழுதிக்கொண்டே பிரசாந்தனைக் கேட்டார்: "ஏன் நீக்கச் சொல்லி எழுதினீங்க?"

"பிழை என்னில சேர். கூரை இல்லாததைக் கண்டிட்டு ஆள் போட்டினம் எண்டு நினைச்சன். ஆரையும் விசாரிக்கேல்லை." அவன் நிமிர்ந்து நின்றுதான் சொன்னான், காது மட்டும் சிவந்திருந்தது.

"சேர், அந்தப் பிள்ளையை ஏசாதேங்கோ" என்று அன்ரோனெற் குறுக்கே விழுந்தாள். "நெல்லுக்காரப் பிள்ளை. வயல் எங்கயாவது எழும்பி நடக்குமோ? அவனுக்கு என்ன தெரியும்? தெரிஞ்ச உடனே முதல் ஆளா ஓடி வந்தவன் அவன்தான்."

அதிகாரியின் தாடிக்குள் ஒரு சிரிப்பு வந்தது. "தொழிலுக்காகப் போய்த் திரும்பி வாறது ஊரை விட்டுப் போறதில்லை அம்மா. சட்டமும் அப்பிடித்தான் சொல்லுது. பத்தொன்பது வீட்டுப் பேரும் இருக்கும்." கடைசித் தாளில் கையொப்பம் வைத்துவிட்டுப் பேனையை மூடினார். "நான் மன்னார் உப்புக்குளத்து ஆள். தொண்ணூறில எங்கட சனத்தை இஞ்ச இருந்து வெளியேத்தின பிறகு இருபது வருஷத்துக்கு மேல என்ட பேர் புத்தளத்து இடாப்பில கிடந்தது. அதைத் திருப்பி ஏத்தின நாள் எனக்கு இண்டைக்கும் ஞாபகம் இருக்கு."

திரும்பிப் போகும்போது பிரசாந்தன் கொப்பியின் முதற்பக்கத்தில் பெரிதாக எழுதி வைத்ததை அன்ரோனெற் எட்டிப் பார்த்தாள். கடற்கரை வரிசைப் படிவங்களுக்குத் தலைமன்னார் வாடிக்குப் போகவும் என்று எழுதியிருந்தான். கீழே, சோழகம் எப்போது எழும்பும், எப்போது விழும் என்பதையும் குறித்து வைத்திருந்தான்.

மாசி மாதம் தேர்தல் வந்தது. சோழகம் விழுந்து நெடுநாள், கூரைகள் எல்லாம் ஊருக்குத் திரும்பிவிட்டன. அதே பள்ளிக்கூடம்தான் வாக்களிப்பு நிலையம். அன்ரோனெற் திருநாளுக்கு எடுத்து வைத்த சேலையைக் கட்டிக்கொண்டு காலை ஆறு மணிக்கே போய் வரிசையில் முதலாவதாக நின்றாள். சேரின் படம் போட்ட தொப்பியோடு வந்த டினேஷை வாசலில் நின்ற பொலிஸ்காரர் தொப்பியைக் கழற்ற வைத்தார். அதைப் பார்த்து அவள் வாய்க்குள் சிரித்தாள். அமிர்தநாயகம் நித்திரை முறிந்து வந்து சேர்ந்தபோது வரிசை வளர்ந்துவிட்டது, அவர் கடைசியில் வாசலுக்கு வெளியே நின்றார்.

ஏழு மணிக்குக் கதவு திறந்தது. அன்ரோனெற் அடையாள அட்டையை நீட்டினாள். மேசையில் இருந்த எழுதுவினைஞர் இடாப்பில் விரலை ஓட்டினார். அந்த விரல் இறங்க இறங்க அவளும் கூடவே குனிந்தாள். விரல் நின்றது. கட்சி முகவர்கள் எல்லாருக்கும் கேட்க வேண்டும் என்பதற்காக அவர் உரத்து வாசித்தார்.

"வரிசை இலக்கம் இருபத்தாறு! அமிர்தநாயகம் அன்ரோனெற்!"

ஒருவரும் மறுக்கவில்லை. முகவர்கள் தங்கள் தாளில் கோடு போட்டார்கள். அடுத்த மேசைக்கு நகர வேண்டியவள் நகராமல் நின்றாள். கண் நிறைந்துவிட்டது.

"தம்பி, இன்னொருக்கா வாசியுங்கோ."

"ஏன் அம்மா, பேர் பிழையோ?"

"இல்லை, பேர் சரி. என்ர மனுசன் வெளியில நிக்கிறார். அவருக்குக் கேட்டிருக்காது."

எழுதுவினைஞர் திரும்பித் தலைமை அலுவலரைப் பார்த்தார். அவர் ஒரு ரீச்சர் அம்மா. "ஒருக்காத்தான் வாசிக்கிறது, அம்மா" என்றார் மெல்ல.

"ரெண்டாந்தரம் வாசிக்கக் கூடாதெண்டு ஆணைக்குழு சொல்லியிருக்கோ?"

ரீச்சர் மேசையில் இருந்த கைநூலைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், பின்னால் நின்ற வரிசையைப் பார்த்தார். "அப்பிடியொண்டும் சொல்லேல்லை" என்றவர், "வாசியும் தம்பி. நல்லாச் சத்தமா வாசியும்" என்றார்.

எழுதுவினைஞர் எழும்பி நின்று, வாசல் பக்கம் திரும்பி வாசித்தார். அந்தச் சத்தம் பள்ளிக்கூடத்தைத் தாண்டிக் கோயிலடி வரைக்கும் கேட்டிருக்கும்.

"ஓம், ஓம், கேட்டது!" என்று வெளியே வரிசையின் கடைசியில் இருந்து அமிர்தநாயகத்தின் குரல் வந்தது. "அது என்ர மனுசி! இஞ்சதான் இருக்கிறா!"

அன்ரோனெற் சேலைத்தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அடுத்த மேசைக்குப் போய் இடக்கைச் சின்னவிரலை மைக்கு நீட்டினாள்.